ஃபோர்வீல் மோட்டாரும் ஜவாத் நானாவும்

"அன்ரி, நீங்கள் அந்தக் காலத்தில ஃபோர்வீல் மோட்டாரைக் கழட்டித் துடைச்சுத் திரும்பவும் ஓட வைப்பீங்களாம். உண்மையோ?" என்று சென்ற மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த பணிமனையின் மின் பகுதிக்கு இப்போது வந்திருப்பவள் அவள். இப்போதெல்லாம் அந்த மோட்டார் பழுதென்றால் கணினியைப் பொருத்திப் பார்க்கிறார்கள், பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டியில் வந்த புதியதைப் பூட்டுகிறார்கள். ஒருவரும் உள்ளே திறப்பதில்லை. பணிமனையில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம், அதற்கு என் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம்.

அதைக் கேட்டு நான் கவலைப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் மணக்கும் விரலோடு முப்பத்தைந்து வருடம் சோறு தின்றவளுக்குப் பெட்டியில் வரும் மோட்டாரின் அருமை தெரியும். பிள்ளைகள் சுகமாக இருக்கட்டும். ஆனால் எழுதச் சொன்னால் எனக்கு எழுத ஒரேயொரு மோட்டார்தான் இருக்கிறது. அதை நான் பணிமனையில் பழுது பார்க்கவில்லை. ஓய்வுபெற்று மூன்றாம் வருடம் என் வீட்டுக் குசினி மேசையில் பழுது பார்த்தேன். அதில் நான் விட்ட பிழை சின்னப் பிழை இல்லை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருந்த ஓர் அரசாங்கப் பணிமனை அது. திணைக்களத்தின் ஜீப்புகளும் லொறிகளும் அங்கேதான் பழுதுக்கு வரும். இருபத்தொரு வயதில் என்னை மோட்டார் சுற்றும் அறைக்கு எடுத்தார்கள். செப்புக் கம்பி சுற்றுவதற்குப் பெண்களின் விரல்தான் நல்லது என்று மேலிடத்தில் யாரோ முடிவு கட்டியிருந்தார். இரண்டு வருடம் சுற்றினேன், பிழையென்று அறுத்தேன், திரும்பச் சுற்றினேன், திட்டு வாங்கினேன். மூன்றாம் வருடம் எனக்கென்று ஒரு மேசை கிடைத்தது. மேசையில் செய்கிற வேலை எனக்கு, வாகனத்துக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை ஆண்களுக்கு. அங்கே அதுதான் நடைமுறை.

எங்கள் ஃபோர்மன் ஜவாத் நானா. முஸ்லிம் ஊர்களில் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். குறிஞ்சாக்கேணிக்காரர். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய நாட்களில் படகில் ஏறி இக்கரை வந்து, பிறகு பஸ் பிடித்து வேலைக்கு வருவார். ஒரு நாளும் பிந்தியதில்லை. சத்தம் போட்டு வேலை வாங்குகிற ஆளும் இல்லை. யாராவது ஒரு போல்டைப் பிழையாக இறுக்கினால் கிட்டப் போய் நின்று தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். பிழை விட்டவனுக்கு வியர்த்து, அவனாகவே போல்டைக் கழற்றும்வரைக்கும் அந்தக் கண்ணாடி சுத்தமாகாது. எங்களுக்கெல்லாம் அவருடைய ஏச்சை விட அந்தக் கண்ணாடிக்குத்தான் பயம்.

என் அறைக்குள் அவர் வரமாட்டார். வாசலில் நின்று நிலையில் ஸ்பனரால் இரண்டு தட்டுத் தட்டுவார். கையில் தோய்த்து வெளுத்த துணியொன்று இருக்கும். நான் முடித்து வைத்த மோட்டாரை அந்தத் துணியில் வாங்கிக்கொண்டு, "தாங்க தங்கச்சி, நான் பூட்டுறன்" என்பார். வேறு எந்த மோட்டாரையும் மற்ற ஃபிற்றர்மார் பூட்டலாம். ஃபோர்வீல் மோட்டாரை மட்டும் அவரேதான் பூட்டுவார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோர்வீல் வாகனத்தில் கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. இயந்திரத்தின் பலத்தைப் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் கொடுப்பதா, நான்குக்கும் கொடுப்பதா, நான்குக்கும் மெதுவாக ஆனால் முழுப் பலத்தோடு கொடுப்பதா என்று பிரித்துவிடுவது அந்தப் பெட்டிதான். முன்பு அதை மாற்ற ஒரு தடி இருந்தது. பிறகு வந்த வாகனங்களில் தடிக்குப் பதிலாக ஒரு சுவிற்ச். சுவிற்சைத் திருப்பினால், பெட்டியின் பக்கத்தில் பூட்டியிருக்கும் தேங்காய் அளவு மோட்டார் ஒன்று பெட்டிக்குள்ளிருந்து வரும் தண்டைக் கொஞ்சம் திருப்பும். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் அது இருப்பது சேறும் உப்புத் தண்ணீரும் படுகிற இடத்தில். எங்கள் கரையோர வாகனங்களில் முதலில் சாகிறது அதுதான்.

பிணமாக வருகிற அந்த மோட்டாரை நான் உயிரோடு திருப்பி அனுப்புவேன். அதில் எனக்குச் சரியான பெருமை. அந்தப் பெருமையில் ஒரு முள்ளும் இருந்தது. நான் கொடுத்த மோட்டாரை ஜவாத் நானா நேரே கொண்டுபோய்ப் பூட்டமாட்டார். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு பற்றரியை வைத்து, இரண்டு வயரை அந்த மோட்டாரில் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருப்பார். என் யன்னலால் எல்லாம் தெரியும். நான் ஓட வைத்துப் பார்த்துத்தானே கொடுத்தேன், இவர் என்ன என் வேலையைத் திரும்பவும் சோதிக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"என்ன நானா, என்ர வேலையில நம்பிக்கை இல்லையோ?"

"ஒரு பழக்கம் தங்கச்சி," என்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அவ்வளவோடு போய்விட்டார்.

ஃபிற்றர் பகுதிக்கு என்னையும் மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும், "கீழ படுத்துச் செய்யுற வேலை ஒங்களுக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டார். அதுவும் சேர்ந்துகொண்டது. அவர் ஓய்வுபெற்ற அன்று எல்லோரும் ஆளுக்கு நாலு வார்த்தை பேசினார்கள். நான் எழும்பி, "ஜவாத் நானாவுக்கு உலகத்தில எல்லாரிலயும் நம்பிக்கை, செல்வராணியின்ர மோட்டாரில மட்டும் நம்பிக்கை இல்லை" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். இப்போது அதை எழுதும்போது என் காது சுடுகிறது.

அவர் போன பிறகு பெட்டியில் புது மோட்டார் வரத் தொடங்கி, ஃபோர்வீல் மோட்டார் என் மேசைக்கு வருவதும் நின்றுபோனது. இனி அந்தக் குசினி மேசை மோட்டாருக்கு வருகிறேன்.

என் தம்பி குகன் இறக்கக்கண்டியில் மீன்பிடிகாரன். அவனிடம் ஒரு பழைய ஃபோர்வீல் பிக்கப் இருக்கிறது. வெளியில் பார்த்தால் கறள் எது, வர்ணம் எது என்று தெரியாது. ஆனால் அந்த வரிசையில் ஐந்து வீட்டு வள்ளங்களுக்கும் அதுதான் காவல். சாதாரண நாட்களில் வள்ளத்தை மணலில் ஏற்ற ஆட்கள் போதும். பெரிய காற்று வருகிறதென்றால் மணல் போதாது, மேட்டைத் தாண்டித் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதற்குக் குகனின் பிக்கப்தான் இழுக்க வேண்டும். புதைமணலில் அதுவும் ஃபோர்வீல் போட்டால்தான் அசையும்.

மாரி தொடங்கிய நேரம். ஒரு காலையில் அவன் அழைத்தான்.

"அக்கா, ஃபோர்வீல் விழுகுதில்ல. சுவிற்சைப் போட்டா ஒரு சின்னச் சத்தம், பிறகு ஒண்டுமில்ல. நாளையிண்டைக்குக் காத்து வருமாம். வள்ளம் எல்லாத்தையும் நாளைக்குப் பொழுதுபட முதல் ஏத்தச் சொல்லிப் போட்டாங்கள்."

"மோட்டாரைக் கழட்டு. நான் வாறன்."

பஸ் பிடித்துப் போனேன். பிக்கப், கரைச் சரிவில் முன்பக்கம் தெருவையும் பின்பக்கம் கடலையும் பார்த்தபடி நின்றது. பின்சக்கரங்களுக்குப் பனங்குற்றி வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் நிற்க, "எங்கட அக்கா முப்பத்தைஞ்சு வருஷம் இதே வேலைதான் செய்தவ. நீங்கள் பயப்படாமப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு உச்சி குளிர்ந்தது. மோட்டாரை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்குள் டவுனுக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குசினி மேசையில் பழைய பத்திரிகையை விரித்தேன். மூடியின் ஆணிகள் உப்பில் இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு துளி எண்ணெய் விட்டு, தேநீர் குடித்து முடியும்வரை பார்த்திருந்து, பிறகு மெல்லத் தட்டித் திருப்பினேன். அவசரப்பட்டால் ஆணியின் தலை போகும், பிறகு ஆண்டவன் வந்தாலும் கழற்ற ஏலாது. மூடியைத் திறந்தால் உள்ளே கிறீஸ் இல்லை, சாம்பல் நிறத்தில் களி. ஓரத்து ரப்பர் வளையம் வெடித்து, அதால் கடல் உள்ளே வந்திருந்தது.

பற்களையும் உருளைகளையும் மண்ணெண்ணெயில் போட்டேன். கம்பி சுற்றிய பாகத்தில் மண்ணெண்ணெய் படக்கூடாது, அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் மட்டும் துடைத்தேன். காபன் பிரஷ் இரண்டில் ஒன்று தன் கூட்டுக்குள்ளேயே உப்பில் ஒட்டிப்போயிருந்தது. மோட்டார் செத்ததற்குக் காரணம் அதுதான். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அலுமாரியில் கிடந்த பெரிய பிரஷ் இரண்டை எடுத்து, அரத்தாளில் தேய்த்துத் தேய்த்து அந்தக் கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். பிரஷ் உரசுகிற செப்பு உருளையை மெல்லிய அரத்தாள் நாடாவால் சுற்றிப் பிடித்து மினுக்கினேன். அதன் கீற்றுகளுக்குள் அடைந்திருந்த கரித்தூளை ஈர்க்கால் எடுத்தேன். ஊசியால் எடுத்தால் செப்பில் கீறல் விழும். ஈர்க்குத்தான் நல்லது, இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மோட்டார் எந்த நிலையில் நிற்கிறதென்று வாகனத்துக்குச் சொல்கிற சின்னச் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதையும் துடைத்தெடுத்தேன். எங்கள் டவுனில் சுற்றித்திரியும் மான்களில் ஒன்று வளவுக்குள் புகுந்து என் கறிவேப்பிலைக் கன்றை மேய்ந்துகொண்டிருந்தது. வேறு நாளென்றால் தும்புத்தடியோடு விரட்ட ஓடியிருப்பேன்.

புதுக் கிறீஸ் பூசி, ரப்பர் வளையம் மாற்றி மூடினேன். மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றிலிருந்து இரண்டு வயரைத் தொட்டேன். முதலில் ஒரு முனகல். பிறகு சுற்றியது. வயரை மாற்றித் தொட்டேன், மறுபக்கம் சுற்றியது. அறுபது வயதை நெருங்கிய நான் குசினியில் தனியே நின்று கைதட்டினேன். குகனுக்கு அழைத்து, "உன்ர மோட்டார் எழும்பீட்டுது" என்றேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு இறக்கக்கண்டியில் நின்றேன். குகன் அடியில் படுத்துப் பூட்டிப் பார்த்தான். சரிவரவில்லை. பெட்டியிலிருந்து வரும் தண்டின் நுனி ஒரு பக்கம் தட்டையானது. மோட்டாரின் துளையும் அதே வடிவம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றால்தான் உள்ளே போகும். இங்கே ஒன்று கிழக்கே பார்த்தது, மற்றது தெற்கே பார்த்தது.

"விடு, நான் பாக்கிறன்," என்று சேலையைச் செருகிக்கொண்டு சாக்கு விரித்து அடியில் புகுந்தேன். என் வாழ்நாளில் ஒரு வாகனத்துக்கு அடியில் படுத்தது அன்றுதான். மல்லாந்து படுத்தபடி, ஜவாத் நானா இப்போது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். சரிவராத வேலையாம்.

மோட்டார் மேசையில் எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையில்தான் இருந்தது. பற்றரியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். ஒரு குறட்டால் பெட்டியின் தண்டைப் பிடித்து, மோட்டாரின் துளைக்கு நேராக வரும்வரை திருப்பினேன். நல்ல வடிவாகத் திரும்பியது. மோட்டார் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நான்கு போல்டையும் நானே இறுக்கினேன். ஊர்ந்து வெளியே வந்தபோது கரைக்காரர் இரண்டு பேர் கைகொடுத்து எழுப்பினார்கள். மகாராணி மாதிரி எழும்பினேன்.

குகன் பனங்குற்றிகளை உதைத்து எடுத்தான். வண்டியை அவன் முதலாம் கியரில்தான் விட்டிருந்தான். எங்கள் கரையில் எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். கைப்பிரேக் கம்பியை உப்புத் தின்றுவிடும், அதனால் கைப்பிரேக்கை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கியரில் நிற்கிற வண்டி உருளாது.

அந்த வண்டி உருண்டது.

முதலில் மெல்ல அசைந்தது. குகன் கதவைப் பிடிப்பதற்குள் வேகம் எடுத்துவிட்டது. கீழே, வள்ளத்தின் மூக்கில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி வசந்தி. "வசந்தி, விலகு" என்று அவன் கத்தினான். அவள் திரும்பிப் பார்த்த முகம் இன்றைக்கும் எனக்கு முன்னால் நிற்கிறது. பக்கத்து மணலில் விழுந்து உருண்டாள். வண்டியின் பின்பக்கம், அவள் நின்ற இடத்தைக் கடந்துபோய் வள்ளத்தின் விலாவில் இடித்து நின்றது. ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

ஓடிப்போய் வசந்தியைத் தூக்கினேன். முழங்கால் உரசலோடு தப்பிவிட்டாள். "ஒண்டுமில்ல மச்சாள்" என்றாள். அவளுடைய முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டேன். குகன் வள்ளத்தின் வெடிப்பைத் தடவிக்கொண்டு, "பரவாயில்ல அக்கா" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான். அவன் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கரைவலைக்காரர் கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்துக் குற்றி வைத்தார்கள். வெறும் வண்டில் மாதிரி லேசாக வந்தது. கியரில் நிற்கிற வண்டி அப்படி வரக்கூடாது. எங்கேயோ பெரிய பிழை விட்டிருக்கிறேன், ஆனால் என்ன பிழையென்று தெரியவில்லை. பொழுதுபட எட்டு மணித்தியாலம் இருந்தது. ஐந்து வள்ளமும் கரையில் கிடந்தன. யாரிடம் கேட்பது? கேட்க விருப்பமில்லாத ஒருவரின் இலக்கம்தான் கைபேசியில் இருந்தது.

ஜவாத் நானா முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"துளைக்கு நேரா வாறதுக்கு மோட்டாரைத் திருப்பினீங்களா, பெட்டியிட தண்டைத் திருப்பினீங்களா?"

"தண்டை."

பிறகு, "அது என்ட பிழை தங்கச்சி. நான் வாறன்" என்றார்.

"போனில சொல்லுங்கோ நானா, நான் செய்யிறன்."

"போன்ல செல்ற கதை இல்ல."

மருமகனின் ஓட்டோவில் குறிஞ்சாக்கேணியிலிருந்து பதினொரு மணி கழிய வந்து இறங்கினார். மெலிந்து போயிருந்தார். இரண்டு முழங்காலும் மடங்காது, ஊன்றுகோல். வசந்தி ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து மணலில் வைத்தாள். முதலில் அவளுடைய காயத்தைப் பார்த்து, "மருந்து போட்டீங்களா மகள்?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

பெட்டியின் தண்டு சும்மா ஒரு தண்டு இல்லை. அது நிற்கும் நிலைதான் வாகனத்தின் நிலை. வேக நிலைக்கும் மெதுவான நிலைக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. தண்டு அங்கே நின்றால் இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, எந்தக் கியரில் விட்டாலும் வண்டி உருளும். நான் குறட்டால் வடிவாகத் திருப்பி வைத்தது சரியாக அந்த இடத்தில். தண்டை ஒருநாளும் தொடக்கூடாது. பற்றரி வயரைத் தொட்டுத் தொட்டு மோட்டாரைத்தான் தண்டின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பற்றரி. இரண்டு வயர். யன்னலால் நான் பார்த்தது. எனக்கு விளங்கியபோது மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நீங்கள் என்ர மோட்டாரைச் சோதிக்கேல்ல."

"இல்ல. நீங்க ஓட வச்சுப் பார்த்துட்டு நிண்ட இடத்தில விட்டுருவீங்க. நான் அதை நிலைக்குக் கொண்டு வந்து பூட்டுவன்."

"ஒவ்வொரு மோட்டாரையும்?"

"ஓம்."

"ஏன் நானா சொல்லேல்ல?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்திருந்தார்.

"ஒங்கட மாப்பிள காய்ச்சல்ல மவுத்தாகி, நீங்க திரும்ப வேலைக்கு வந்து ஒரு மாசம். ஒருத்தரோடயும் கதைக்கல்ல. அந்த நேரம்தான் முதல் ஃபோர்வீல் மோட்டார் வந்திச்சு. அதை ஓட வச்சுட்டு அண்டைக்குத்தான் நீங்க சிரிச்சீங்க. அந்த நேரத்தில போய் நொட்டை செல்ல எனக்கு வாய் வரல்ல. நாளைக்குச் செல்லுவம், நாளைக்குச் செல்லுவம் எண்டு இருந்தன். பிறகு செல்ல வெக்கமாப் போச்சு. ஒங்களைக் கீழ விட்டா அது வெளிய வரும் எண்டுதான் மாத்தத்துக்கும் மறிச்சன்."

என் கணவர் இறந்த அந்த மாதத்தை அவர் மறக்கவில்லை. எனக்கு அவர் மேல் பாசம் பொங்கியது, அதே மூச்சில் கோபமும் பொங்கியது. இரண்டையும் சொன்னேன்.

"அண்டைக்கு நீங்கள் என்னைக் காப்பாத்தினீங்கள் நானா. அதுக்குப் பிறகு என்னை ஏமாத்தினீங்கள். அரைவாசி மட்டும் தெரிஞ்சவளா வச்சிருந்து அனுப்பிப் போட்டீங்கள். இண்டைக்கு என்ர மச்சாள் செத்திருப்பா."

"ஓம்," என்றார். ஒரு சாட்டும் சொல்லவில்லை. பிரியாவிடை நாளில் நான் பகிடியாகச் சொன்னதற்கும் இவர் இப்படித்தானே பேசாமல் இருந்தார் என்று நினைத்தபோது என் கோபத்தின் முனை உடைந்துபோனது.

அவரால் குனிய முடியாது. நான்தான் திரும்பவும் அடியில் புகுந்தேன். மோட்டாரைக் கழற்றினேன். தண்டைக் குறட்டால் மெல்ல மெல்ல, நான் காலையில் திருப்பியதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வந்தேன். ஓர் இடத்தில் உள்ளே பல்லோடு பல் விழுகிற சத்தம் கேட்டது. குகனை வண்டியை மேட்டுப் பக்கம் தள்ளிப் பார்க்கச் சொன்னேன், அசையவில்லை. அதன் பிறகு வண்டியின் பற்றரியிலிருந்து இரண்டு வயரை இழுத்து மோட்டாரைத் தொட்டேன். ஒரு தொடுகை, ஒரு துளி திரும்பும். கூடிவிட்டால் வயரை மாற்றித் தொட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். துளை தண்டைப் பார்த்து நேராக வரும்வரைக்கும் தொட்டேன். மோட்டார் தானாக உள்ளே போனது. காலையிலும் இப்படித்தான் போனது. வெளியே கதிரையிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. சரியா, பூட்டியாச்சா என்று ஒரு கேள்வி இல்லை.

வெளியே வந்து, "முடிஞ்சுது" என்றேன்.

"அப்ப ஏறுங்க. பிரேக்கில காலை வச்சுட்டுக் குற்றியை எடுக்கச் செல்லுங்க," என்றார்.

ஏறினேன். கியரில் விட்டு, பிரேக்கை மிதித்தேன். குகன் குற்றிகளை எடுத்துவிட்டு எல்லோரையும் விலக்கினான். பின்பார்க்கிற கண்ணாடியில் கடல் தெரிந்தது. பிறகு ஊன்றுகோல் தெரிந்தது. ஜவாத் நானா கதிரையை விட்டு எழும்பி, நொண்டி நொண்டிப் போய், வண்டிக்கு நேர் பின்னால், நாலு முழத்துக்கு அப்பால் நின்றார்.

"நானா, விலகுங்கோ."

"காலை எடுங்க தங்கச்சி."

"நீங்கள் விலகினாத்தான் எடுப்பன்."

"நீங்க பூட்டினது. நான் நிக்கிறன்."

குகன் அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், அவர் அசையவில்லை. மருமகன் ஓடிவந்து, "மாமா, என்ன இது" என்றான். அவனையும் ஊன்றுகோலால் விலக்கினார். முழங்கால் மடங்காத மனிதன். வசந்தி பாய்ந்த மாதிரி அவரால் பாய முடியாது. என்னால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. குகனைக் குற்றியைத் திரும்ப வைக்கச் சொல்லி இறங்கினேன். சாக்கு இல்லாமலே அடியில் புகுந்தேன். போல்ட் நான்கையும் தொட்டேன், தண்டின் நிலையைப் பார்த்தேன், மீண்டும் பார்த்தேன். அப்படியே படுத்திருந்து, வேறு யாராவது வந்து இதைப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்கினேன். யாரும் இல்லை. வெளியே வந்து ஏறி உட்கார்ந்தேன். குற்றியை எடுத்தார்கள்.

காலை எடுத்தேன்.

வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது. என் உயிரும் போனது. அடியில் பல் பிடித்து இறுகுகிற சத்தம் ஒன்று கேட்டது. வண்டி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஒரு அடி பின்வைக்கவில்லை.

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குகன் வந்து கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, "இறங்குங்கோ அக்கா. அஞ்சு வள்ளம் கிடக்கு" என்றான். இறங்கினேன். சுவிற்சைப் போட்டான். நான்கு சக்கரமும் மணலைக் கடித்தன. வெடித்த வள்ளம்தான் முதலில் மேட்டில் ஏறியது. மற்ற நான்கும் பின்னேரத்துக்குள் ஏறிவிட்டன. அடுத்த நாள் காற்று வந்தது, கரை மணலை ஓர் ஆள் உயரத்துக்கு அரித்துக்கொண்டு போனது. வள்ளமெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் கட்டியபடி கிடந்தன.

ஐந்தாவது வள்ளம் ஏறும்வரை ஜவாத் நானா கதிரையில் இருந்து பார்த்தார். வசந்தி கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டு ஓட்டோவில் ஏறினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நானா, எனக்கு உங்களில கோவம் இருக்கு. அது உடன போகாது."

"இருக்கட்டும்."

"வண்டி உருண்டிருந்தா என்ன செய்திருப்பீங்கள்? நீங்கள் குனிஞ்சும் பாக்கேல்ல, ஒரு கேள்வியும் கேக்கேல்ல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஒங்கட மோட்டார் எல்லாத்தையும் நான் பார்த்திருக்கன் தங்கச்சி," என்றார். "இது ஒண்டைத்தான் பார்க்கல்ல."